எரிந்த பல்பைத் தூக்கி எறியாதீர்கள்

மோட்டார் சைக்கிளின் டெயில் லைட் பல்பு என்றோ ஒருநாள் போனால் அதற்கு வயதாகிவிட்டது என்று விட்டுவிடலாம். மாதத்துக்கு ஒன்று போனால் கோளாறு பல்பில் இல்லை, வண்டியில். ஆனாலும் நாம் செய்வது என்னவோ கடைக்குப் போய் இன்னொன்று வாங்கி மாட்டுவதுதான். அதுவும் போனால் வேறு கம்பெனி பல்பு கேட்போம். மட்டமான பல்புகள் கடைகளில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மூன்றாவது பல்பும் போன பிறகு கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. காரணத்தில் பாதி அந்தச் செத்த பல்பிலேயே தெரியும். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் குப்பையில் போட்டுவிடுவதால்தான் இந்தக் கதை முடிவில்லாமல் நீள்கிறது.

முதலில் பல்பைத் தெரிந்துகொள்வோம். எல்இடி வருவதற்கு முந்தைய பெரும்பாலான வண்டிகளில் இருப்பது 12 வோல்ட், 21/5 வாட் பல்பு. கடைகளில் டபுள் ஃபிலமென்ட் பல்பு என்று கேட்டால் தருவார்கள். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள். 5 வாட் இழை லைட் போட்டதும் மங்கலாக எரிவது. 21 வாட் இழை பிரேக் பிடித்தால் பளிச்சென்று எரிவது. அடியில் இரண்டு ஈயப் பொட்டுகள், இழைக்கு ஒன்று. எர்த் பித்தளைக் கழுத்து வழியாகப் போகிறது. கழுத்தின் பக்கவாட்டில் இரண்டு சின்ன முளைகள் இருக்கும். ஒன்று சற்று மேலே, ஒன்று சற்றுக் கீழே. பல்பு ஒரே பக்கமாக மட்டும் பொருந்த வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. திருப்பிப் போட்டு முறுக்கி உள்ளே தள்ளிவிட்டால் லைட் போட்டதும் பிரேக் இழை எரியும், பிரேக் பிடித்தால் சின்ன இழை எரியும். அவசரத்தில் இப்படி மாட்டப்பட்ட வண்டிகள் சாலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

இப்போது செத்த பல்பைப் பாருங்கள். கண்ணாடி தெளிவாக இருந்து, உள்ளே இழை மட்டும் அறுந்து தொங்கினால் அது அதிர்வின் வேலை. கண்ணாடியின் உட்புறம் புகை பிடித்ததுபோலக் கறுத்தோ வெள்ளிப் பூச்சு பூசியதுபோல மின்னியோ இருந்தாலோ, அறுந்த முனைகளில் உருகிய சிறு உருண்டை இருந்தாலோ, இழை தாங்கக்கூடிய சூட்டைவிட அதிகம் கண்டிருக்கிறது. வோல்டேஜைச் சந்தேகிக்க வேண்டும். வருடக்கணக்கில் எரிந்த பல்பும் லேசாகக் கறுக்கும், அது இயல்பு. வாங்கிச் சில வாரங்களே ஆன பல்பு கறுத்திருந்தால்தான் அது சாட்சி. உள்ளே வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மாவு படிந்திருந்தால் காற்று நுழைந்திருக்கிறது, கண்ணாடியில் எங்கோ விரிசல். ஈயப் பொட்டுகள் குழி விழுந்து கருகியிருந்தால் ஹோல்டரைப் பார்க்க வேண்டும்.

எந்த இழை போயிருக்கிறது என்பதும் முக்கியம். எப்போதும் எரிந்துகொண்டிருப்பதாலும் மெல்லியது என்பதாலும் வழக்கமாக முதலில் போவது 5 வாட் இழைதான். திரும்பத் திரும்ப 21 வாட் இழையே போகிறது என்றால் பிரேக் சுவிட்ச் ஓயாமல் வேலை செய்கிறது என்று அர்த்தம். பிறகு அதற்கு வருகிறேன். சில நேரம் அறுந்த சின்ன இழை சாய்ந்து பெரிய இழையின் மேல் படுத்துக்கொள்ளும். அப்போது ஒரு வேடிக்கை நடக்கும்: லைட் சுவிட்ச் அணைந்திருக்கும்போதே பிரேக் பிடித்தால் ஸ்பீடோமீட்டர் விளக்கு மினுக்கும். மின்சாரம் பிரேக் வயரில் வந்து, பல்புக்குள் வழி மாறி, டெயில் லைட் வயரில் பின்னோக்கிப் போகிறது. வயரிங் முழுக்கப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் பல்பைக் கழற்றிவிட்டு மறுபடி பிரேக் பிடித்துப் பாருங்கள்.

பல்பு பேசி முடித்ததும் வண்டியிடம் ஒரு கேள்வி. டெயில் லைட் மட்டும் போகிறதா, மற்ற பல்புகளும் போகின்றனவா? ஹெட்லைட், இண்டிகேட்டர், மீட்டர் பல்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் வோல்டேஜ் கூடுகிறது. பேட்டரியில் தண்ணீர் சீக்கிரம் வற்றுவதும், ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க ஹெட்லைட் கண்ணைப் பறிப்பதும் இதே நோயின் அறிகுறிகள். மற்றவை ஒழுங்காக இருந்து பின்னால் உள்ளது மட்டும் போனால் பெரும்பாலும் அதிர்வு, ஹோல்டர், ஈரம் இந்த மூன்றில் ஒன்று. இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

வோல்டேஜில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். இழை டங்ஸ்டனால் ஆனது. எரியும்போது சுமார் 2500 டிகிரி சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டில் வோல்டேஜ் சிறிது கூடினாலும் டங்ஸ்டன் ஆவியாகும் வேகம் பல மடங்கு கூடிவிடும். வண்டி பல்புகளின் மீது 12 வோல்ட் என்று அச்சிட்டிருந்தாலும் சோதிப்பது 13.5 வோல்ட்டில். அதைவிட 5 விழுக்காடு கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதி. 10 விழுக்காடு கூடினால், அதாவது 15 வோல்ட்டை நெருங்கினால், மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. 16 வோல்ட் வந்தால் ஒன்பதில் ஒரு பங்கு தேறினால் பெரிது. பார்க்கிறவருக்கு விளக்கு கொஞ்சம் பிரகாசமாக எரிவதாகத்தான் தோன்றும். ‘இப்போதுதான் நல்ல வெளிச்சம்’ என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு.

அளப்பது எளிது. ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். 20 வோல்ட் டிசி ரேஞ்சில் வைத்து பேட்டரி முனைகளில் தொடுங்கள். எஞ்சின் ஓடாதபோது 12.5க்கு மேல் காட்டினால் பேட்டரி நலம். வண்டியை ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரைச் சற்றுக் கொடுத்தால் 13.5 முதல் 14.5 வரை ஏறி அங்கேயே நிற்க வேண்டும். முறுக்க முறுக்க ஏறிக்கொண்டே போய் 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் தன் வேலையைச் செய்யவில்லை. மெக்கானிக்குகள் ஆர்ஆர் யூனிட் என்று சொல்லும் அந்த அலுமினியப் பெட்டிதான் மேக்னெட் காயிலில் இருந்து வரும் மின்சாரத்தை டிசியாக மாற்றி அளவோடு நிறுத்துவது. நம் சிறிய வண்டிகளில் இது பெரும்பாலும் கூடுதல் மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிட்டே அளவைக் காக்கிறது. ஆகவே பெட்டிக்கு எர்த் சரியில்லை என்றால், பெட்டி நன்றாக இருந்தாலும் கட்டுப்படுத்த முடியாது. புதுசு வாங்குவதற்கு முன் அதன் எர்த் வயரையும், சேஸிஸில் பிடித்திருக்கும் போல்ட்டையும் கழற்றி, துருவைத் தேய்த்து, இறுக்கி மறுபடி அளந்து பாருங்கள். செலவில்லாமல் முடிந்துபோகும் வழக்குகள் இதில் நிறைய.

இன்னொரு காரணத்தை யாரும் காரணமாகவே நினைப்பதில்லை: செத்த பேட்டரி. செல்ஃப் எடுக்காது, ஆனால் கிக்கர் அடித்தால் வண்டி கிளம்பிவிடும். அப்படியே மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். பேட்டரி மின்சாரத்தைச் சேமிப்பதோடு நிற்பதில்லை. மேக்னெட்டில் இருந்து வரும் ஏற்ற இறக்கங்களை விழுங்கிச் சமன்செய்வதும் அதுவே. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறுக்கலும் நேராகப் பல்பைத் தாக்கும். பேட்டரி டெர்மினல் தளர்ந்திருந்தாலும், பேட்டரி ஃபியூஸ் போயிருந்தாலும் விளைவு ஒன்றே. எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி ‘சார்ஜிங் வருதா’ என்று பார்க்கும் பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அந்த ஒரு நொடியில் பல்பு மட்டுமல்ல, ரெகுலேட்டரும் போகலாம். 2020க்குப் பின் வந்த ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் இசியு என்ற மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கே ஆபத்து. மல்டிமீட்டர் இருக்கும்போது அந்த வித்தை தேவையே இல்லை.

பழைய 100 சிசி வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அவற்றில் பலவற்றில் ஹெட்லைட்டும் டெயில் லைட்டும் பேட்டரியில் எரிவதில்லை; மேக்னெட்டில் இருந்து நேராக வரும் ஏசியில் எரிகின்றன. பிரேக் லைட், ஹாரன், இண்டிகேட்டர் மட்டும் பேட்டரியில். கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம். எஞ்சினை அணைத்து, சாவியைத் திருப்பி, லைட் சுவிட்சைப் போடுங்கள். டெயில் லைட் எரியாமல் பிரேக் லைட் மட்டும் எரிந்தால் உங்கள் வண்டி அந்த வகை. இங்கே ஹெட்லைட்டும் டெயில் லைட்டும் ஒரே காயிலைப் பகிர்ந்துகொள்கின்றன. ஹெட்லைட் 35 வாட் தின்கிறது, டெயில் லைட் 5 வாட். ரெகுலேட்டர் பலவீனமாக இருக்கும் வண்டியில் ஹெட்லைட் பல்பு போனால், அந்த 35 வாட்டுக்கான மின்சாரம் போக இடமின்றி வோல்டேஜ் ஏறி, பின்னால் இருக்கும் சின்ன இழையைப் பொசுக்கிவிடும். இரவு நேரத்தில் முன்னும் பின்னும் சேர்ந்து இருட்டாகிப் போவது இப்படித்தான். டிம்-பிரைட் சுவிட்ச் தேய்ந்து, மாற்றும் நொடியில் ஹெட்லைட் விட்டு விட்டு எரிந்தாலும் இதே அடி விழும். டெயில் பல்பு அடிக்கடி போகிற பழைய வண்டியில் ஹேண்டில் பாரில் உள்ள சுவிட்சைச் சுத்தம் செய்யச் சொன்னால் சிரிக்காதீர்கள். இந்த ஏசி லைனை அளக்க மீட்டரை ஏசி ரேஞ்சில் வைக்க வேண்டும். மலிவு மீட்டர் அதில் துல்லியமாகக் காட்டாது. ஆனால் முறுக்கும்போது எண் நிற்கிறதா, ஏறிக்கொண்டே போகிறதா என்பது தெரிந்துவிடும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

வோல்டேஜ் சரியாக இருக்கிறது, மற்ற பல்புகளும் நலம் என்றால் அதிர்வுக்கு வருவோம். டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவருக்கு டெயில் லைட்டின் கஷ்டம் புரியும். ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் உதறல், பள்ளத்தின் அடி எல்லாம் பின் மட்கார்டின் நுனியில் பெரிதாகித்தான் போய்ச் சேரும். எரியும் இழை சூட்டில் இளகியிருக்கும். ஆட்டத்தில் அதன் சுருள்கள் நீளும், ஒன்றையொன்று தொட்டுவிட்டால் இழை குறுகி இன்னும் சூடாகி அறுந்துவிடும். இதைத் தடுக்கத்தான் லைட்டை மாட்டும் இடத்தில் ரப்பர் புஷ் வைத்திருக்கிறார்கள். சில வருடம் வெயிலில் காய்ந்தால் ரப்பர் கல்லாகிவிடும். அல்லது ஒருமுறை மட்கார்டைக் கழற்றி மாட்டியவர் அதைப் போட மறந்திருப்பார். லைட்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினாலும் தவறு, கொஞ்சமும் அசையாமல் இரும்போடு இரும்பாக இறுகியிருந்தாலும் தவறு. மட்கார்டு போல்ட்டுகள், சாரி கார்டு, கேரியர், கனமான நம்பர் பிளேட் எல்லாவற்றையும் அசைத்துப் பாருங்கள். மட்கார்டில் மயிரிழை விரிசல் விழுந்து, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அது தனியாக உதறிக்கொண்டிருப்பதும் உண்டு.

புது புஷ் கிடைக்காத வண்டிக்குப் பட்டறைகளில் சைக்கிள் டியூப்பை வட்டமாக வெட்டி இடையில் வைப்பார்கள். நல்ல யோசனை. ஆனால் சில வண்டிகளில் டெயில் லைட்டுக்கு எர்த் கிடைப்பதே அந்த போல்ட் வழியாகத்தான். ரப்பர் வைத்ததும் எர்த் போய், லைட் மங்கி, பிரேக் பிடித்தால் அணையும். அந்தமாதிரி வண்டியில் ஹோல்டரில் இருந்து சேஸிஸுக்குத் தனியாக ஒரு எர்த் வயர் இழுத்துவிட வேண்டும். வயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹோண்டா வழி வயரிங்கில் பச்சை எர்த், பழுப்பு டெயில் லைட், பச்சையில் மஞ்சள் கோடு பிரேக் லைட்.

எர்த் சரியில்லாததால்தான் பல்பு எரிந்துபோகிறது என்று எங்கும் சொல்வார்கள். அது பாதி உண்மை. எர்த் குறைந்தால் பல்புக்குப் போகும் மின்சாரமும் குறையும். மங்கலாக எரியும் பல்பு நீண்ட நாள் வாழும். எர்த் விட்டு விட்டு வந்தால்தான் ஆபத்து. குளிர்ந்த இழையின் தடை சூடான இழையின் தடையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே ஒவ்வொரு முறை எரியத் தொடங்கும்போதும் ஒரு கணம் பல மடங்கு மின்சாரம் பாய்கிறது. சாலை முழுக்க விட்டு விட்டு எரியும் பல்பு இந்த அடியை ஓயாமல் வாங்கிக்கொண்டே வருகிறது. எர்த் வயருக்குச் சொன்னது பிளஸ் வயருக்கும் பொருந்தும். சீட்டுக்கு அடியில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டுகள், அலங்கார எல்இடி பட்டைக்காக டெயில் லைட் வயரைக் கீறி எடுத்த கனெக்ஷன்கள் இவற்றை முதலில் பாருங்கள்.

ஹோல்டரின் கதையும் இதே வகை. உள்ளே இரண்டு பித்தளைப் பொட்டுகளை ஒரு ஸ்பிரிங் மேலே தள்ளிக்கொண்டிருக்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் பல்பு ஆடும், பொட்டுக்குப் பொட்டு தீப்பொறி பறக்கும், ஈயம் உருகிக் குழி விழும். பல்பை மாட்டும்போது விரலை எதிர்த்துத் தள்ள வேண்டும். தொளதொளவென்று போனால் ஸ்பிரிங் போய்விட்டது. பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்கலாம். ஸ்பிரிங் போயிருந்தாலோ பொட்டுகளைத் தாங்கும் தட்டு உடைந்திருந்தாலோ ஹோல்டரையே மாற்றிவிடுங்கள். தட்டு உடைந்தால் இரண்டு பொட்டுகளும் உரசி, இரண்டு இழைகளும் சேர்ந்தே எரியத் தொடங்கும்.

ஈரத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. சிவப்பு மூடிக்கு அடியில் உள்ள ரப்பர் கேஸ்கெட் கிழிந்தால் மழைத் தண்ணீர் உள்ளே போகும். சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விழும். வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது லைட்டை அணைத்துச் சற்று ஆறவிட்டு விடுங்கள். மூடியின் ஸ்க்ரூவை மட்டும் அளவாக இறுக்குங்கள், பிளாஸ்டிக் வெடித்தால் அந்த வழியாகவே தண்ணீர் இறங்கும்.

பிரேக் சுவிட்சுக்கு வருகிறேன் என்றேன். பின் பிரேக் பெடலில் இருந்து ஒரு சின்ன ஸ்பிரிங் சுவிட்சை இழுக்கும். பெடல் உயரத்தை மாற்றிய பிறகு இந்தச் சுவிட்சைத் தளர்த்தாமல் விட்டால் பிரேக் லைட் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். பெடல் மீதே காலை வைத்து ஓட்டுபவர்களுக்குச் சுவிட்ச் சரியாக இருந்தாலும் அதே கதிதான். 21 வாட் விடாமல் எரிந்தால் அந்தச் சின்னப் பெட்டிக்குள் சூடு தேங்கும். மூடி வளைந்திருப்பதோ ஹோல்டர் பிளாஸ்டிக் பழுத்திருப்பதோ அதன் அடையாளம். சுவிட்சின் நட்டைத் திருகினால் சரியாகிவிடும். பெடலை லேசாக அழுத்தியதும் எரிய வேண்டும், விட்டதும் அணைய வேண்டும். முன் பிரேக் லீவரில் உள்ள சுவிட்சையும் பாருங்கள். தூசி அடைத்து அழுந்தியபடியே நின்றுவிடுவது உண்டு. பின்னால் வருகிறவருக்கு இதில் இன்னொரு ஆபத்து: எப்போதும் எரியும் பிரேக் லைட், நீங்கள் உண்மையில் பிரேக் பிடிப்பதைச் சொல்லாது.

2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கும் புது இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க முடியாது. எஞ்சின் ஓடும்வரை முன்னும் பின்னும் எரிந்தபடியே இருக்கும். பகலில் மட்டுமே ஓட்டுகிறவரின் பல்புக்கும் இனி ஓய்வில்லை. பழைய வண்டியோடு ஒப்பிட்டு, ‘முன்பெல்லாம் வருடக்கணக்கில் வந்ததே’ என்று சொல்வதற்கு முன் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

புதுப் பல்பு வாங்கும்போது கழுத்தில் 12V 21/5W என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இண்டிகேட்டருக்கான ஒற்றை இழை பல்பை இதில் திணிக்கக் கூடாது. சில ஸ்கூட்டர்களுக்குக் கழுத்தே இல்லாத கண்ணாடி அடிப் பல்பு வரும். பழையதைக் கையில் கொண்டுபோவது உத்தமம். மாட்டும்போது கண்ணாடியைக் கைவிரல் தொடக் கூடாது என்பது ஹாலஜன் ஹெட்லைட் பல்புக்கான எச்சரிக்கை. இதற்கு அது தேவையில்லை.

‘எல்இடி போட்டுவிடுங்கள், தொல்லை விட்டது’ என்ற யோசனை கட்டாயம் வரும். அதிர்வுதான் உங்கள் வண்டியின் கோளாறு என்றால் அது நல்ல யோசனையே. எல்இடியில் அறுந்துபோக இழை இல்லை. வோல்டேஜ் கோளாறு என்றால் எல்இடியும் சாகும், பல்பைவிட அதிகக் காசோடு சாகும். ஏசியில் எரியும் பழைய வண்டியில் அது துடிதுடிக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். டெயில் லைட் மூடியின் அடியில் நிறமில்லாத ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும்; அந்த வழியாக அதே பல்பு நம்பர் பிளேட்டுக்கும் வெளிச்சம் தருகிறது. சிவப்பு எல்இடி போட்டால் நம்பர் பிளேட்டும் சிவக்கும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105ஆம் விதி, பின்னால் இருந்து தெரியும் சிவப்பு விளக்கையும், பதிவெண்ணுக்கு வெள்ளை வெளிச்சத்தையும் கேட்கிறது. ஆகவே வாங்குவதானால் வெள்ளை எல்இடி. மாட்டியதும் யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லிப் பகலில் பிரேக் பிடித்துக் காட்டுங்கள். மலிவு எல்இடிகள் பலவற்றில் டெயில் லைட்டுக்கும் பிரேக் லைட்டுக்கும் வெளிச்சத்தில் பெரிய வித்தியாசமே இருக்காது. பின்னால் நிற்பவர் ‘இப்போது பிடிச்சீங்களா?’ என்று கேட்டால், அதைக் கழற்றிவிட்டுப் பழைய 21/5 பல்பையே மாட்டிக்கொள்ளுங்கள்.